ஓமுக்கும் ஓமுக்கும் நடுவே

தேவேஸ்வரி பன்வாருக்கு ஆங்கிலம் புரியாது என்று அந்தக் காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று அதை அவளிடமே கொடுத்திருந்தார் யோகா பள்ளி ஆசார்யர். இந்தக் கொழுப்பை எங்கே போய்ச் சொல்வது?

தட்டச்சு செய்த அரைப் பக்கம்தான். பயிற்சியின் பதினெட்டாம் நாள் காலை, உதவிக்கு நின்ற உள்ளூர்ப் பெண் தேவேஸ்வரி, ஃபெம்கே என்ற டச்சு மாணவியின் முதுகை அளவுக்கு மீறி அழுத்திவிட்டாள். மாணவி 'நோ' என்று சொன்னது, மொழி தெரியாததால் அவளுக்கு விளங்கவில்லை. மாணவியின் விரிப்பருகே அடையாளமாக வைத்திருந்த கல்லும் 'தொடலாம்' என்ற பக்கமே இருந்தது. பள்ளிக்கு இதில் பொறுப்பில்லை. அவ்வளவுதான் விஷயம். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அவள் பெயர்.

அந்தக் கோட்டில் கையெழுத்து விழுந்தால் இருபத்தெட்டாம் நாள் மற்றவர்களோடு அவளுக்கும் யோகா ஆசிரியை என்ற சான்றிதழ் கிடைக்கும். அடுத்த மாதத்திலிருந்து அதே பள்ளியில் காலை வகுப்பு எடுக்கலாம். விழாவிட்டால் சான்றிதழும் இல்லை, வகுப்பும் இல்லை, ஏழு வருடமாகப் பிடித்த துடைப்பமும் இல்லை. இதோடு இன்னொன்றும் உண்டு. நாளை அவள் பாடம் நடத்திக் காட்டும் தேர்வு. அது முடிந்ததும் எல்லோர் முன்னாலும் ஃபெம்கேயிடம் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆசார்யர் ஏற்பாடு செய்திருந்தார்.

ரிஷிகேசத்தில், தபோவனத்து மேட்டில், கங்கையைப் பார்த்த மூன்று மாடிக் கட்டடம் அந்தப் பள்ளி. ஆசார்ய சைலேஷ் தப்லியால் அதன் முதலாளி, தலைமை ஆசிரியர், சுவரெல்லாம் சிரிக்கும் படம், எல்லாமே. இருபத்திரண்டாவது வயதில் அங்கே கூட்டிப் பெருக்க வந்தவள் தேவேஸ்வரி. கூடத்தைப் பெருக்கினாள், போர்வை மடித்தாள், ஜன்னலோரம் துடைக்கிற சாக்கில் நின்று ஆசனம் கற்றாள், ஆங்கிலமும் அப்படித்தான் கற்றாள். மூச்சை இழு, விடு, இடுப்பைத் திருப்பு, தோளைத் தளர்த்து என்று ஏழு வருடம் ஒரே பாடத்தைக் கேட்டால் சுவருக்குக்கூடப் பேச்சு வந்துவிடும். இந்த வருடம் உள்ளூர்ப் பெண்களைக் கைதூக்கிவிடுகிறோம் என்று இணையத்தில் போட ஒரு முகம் தேவைப்பட்டது. இருபத்தொரு வெளிநாட்டவரோடு இருபத்திரண்டாவதாக அவளை உட்கார வைத்தார். படம் எடுத்துப் போட்டார். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

பதினெட்டாம் நாள் நடந்தது இது. காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து, நெற்றியை முழங்காலில் வைக்கிற ஆசனம்: பச்சிமோத்தானம். மாணவர்கள் முறை வைத்து உதவிக்கு நிற்பார்கள். அன்று அவள் முறை. இருபத்தொரு தலைகளும் முழங்காலில் புதைந்திருந்தன. கூடத்தில் நிமிர்ந்திருந்த கண்கள் இரண்டு ஜோடி மட்டும்தான், ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது.

ஒவ்வொரு விரிப்பின் தலைமாட்டிலும் ஒரு கல் இருக்கும். கங்கையில் பொறுக்கிய தட்டைக் கூழாங்கல். ஒரு பக்கம் வெள்ளைப் பொட்டு. பொட்டு மேலே தெரிந்தால் என்னைத் தொடாதே என்று அர்த்தம், குப்புறக் கவிழ்த்திருந்தால் தொட்டுத் திருத்தலாம். வெளிநாட்டவர்கள் கேட்கிறார்களே என்று ஆசார்யர் கொண்டுவந்த வழக்கம். அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக வைத்ததே தேவேஸ்வரிதான்.

ஃபெம்கேயின் கல்லில் அன்று பொட்டு மேலே இருந்தது. தொடையின் பின்புறம் இரண்டு நாளாக வலிக்கிறது என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். ஆசார்யர் அவள் பின்னால் போய்த் திரும்பி நின்றார். அவள் முதுகில் தன் முதுகை வைத்து அப்படியே மல்லாந்து சாய்ந்தார். அது அவருக்குப் பிடித்த வித்தை. அவருடைய எடை தொண்ணூறு கிலோ. "நோ" என்றாள் ஃபெம்கே. மறுபடியும் "நோ" என்றாள். "வலி இல்ல இது, திறப்பு. மூச்சை விடு" என்று கூரையைப் பார்த்து, எப்போதும் கூடத்துக்கே பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார் அவர். நாலு விரிப்பு தள்ளி நின்ற தேவேஸ்வரிக்குக் கேட்டது அந்தச் சத்தம். ஈரத்துணியைக் கிழித்தால் வருமே, அது.

ஃபெம்கே அலறிச் சாய்ந்ததும் எல்லோரும் தலைதூக்கினார்கள். அதற்குள் அவர் எழுந்து இரண்டடி தள்ளி நின்றார். அந்த இரண்டடிக்கு நடுவில் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் தேவேஸ்வரியால் ஜீரணிக்கவே முடியவில்லை. கால் கட்டைவிரலால் அந்தக் கல்லைப் புரட்டிவிட்டார். பொட்டு கீழே போய்விட்டது. எல்லோரும் பார்த்தபோது ஃபெம்கேயின் பக்கத்தில் மண்டியிட்டுத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள் தேவேஸ்வரி.

தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் ஆகும் என்றார் மருத்துவர். அன்று மாலையே ஆசார்யர் ஃபெம்கேயின் அறைக்குப் பழத்தட்டோடு போனார். பாவம், கிராமத்துப் பெண், இங்கிலீஷ் தெரியாது, நீங்கள் 'நோ' என்றது அவளுக்கு ஏறவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றார். முகத்தை முழங்காலில் வைத்திருந்தவளுக்கு முதுகில் விழுந்தது யார் என்று எப்படித் தெரியும்? நம்பிவிட்டாள். மறுநாள் தேவேஸ்வரி கஞ்சியும் பாசிப்பருப்பும் கொண்டுபோனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தேவேஸ்வரி அங்கேயே நின்று, நான் இல்லை, நான் தொடவே இல்லை என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். ஃபெம்கே காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். தட்டு வைத்தபடி கிடந்தது. அதற்கப்புறம் ஒன்பது நாள் மற்ற இருபது பேரும் அவள் பக்கத்தில் விரிப்புப் போடவில்லை.

சமையல்கட்டில் குந்தன் சிங் மட்டும்தான் அவளிடம் பேசினான். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து சமையல்காரன், அவளைத் தங்கையாகவே நினைப்பவன். தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், கேழ்வரகு ரொட்டி தட்டிக்கொண்டே, போட்டுவிடு என்றான்.

"ஒரு கையெழுத்து தேவு. உன் கைய வெட்டியா கேக்குறான்? போட்டுட்டு மேடை ஏறி உக்காரு. நாலு வருசம் கழிச்சு நீயே ஒரு பள்ளிக்கூடம் வெக்கலாம்."

"அழுத்துனேன்னு எழுதியிருந்தாக்கூடப் போட்டிருப்பேனோ என்னவோ அண்ணா. எனக்கு நோன்னா புரியாதுன்னு எழுதியிருக்கான். இந்த ஊர்ல பிச்சை எடுக்குறவனுக்கும் புரியும், பாலத்துமேல உக்காந்திருக்குற குரங்குக்கும் புரியும். எனக்குப் புரியாதாம்."

"கோவத்துல சொல்ற."

"ஆமா. கோவத்துலதான் சொல்றேன். வேற எதுல சொல்லச் சொல்ற?"

குந்தன் ரொட்டியைத் திருப்பிப் போட்டான். அவனும் இந்தக் கட்டடத்தில் பல காகிதங்களில் கையெழுத்துப் போட்டவன்தான்.

இந்தப் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. முதல் ஓமிலிருந்து கடைசி ஓம் வரைக்கும் மேடையில் இருப்பவர்தான் குரு. இடையில் யாரும் பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது, சொன்னதைச் செய்ய வேண்டும். தேர்வு நாளில் ஆசார்யரும் ஒரு விரிப்பைப் போட்டு மாணவராகிவிடுவார். பெற்ற தகப்பனே வந்து கூப்பிட்டாலும் அந்த ஒரு மணிநேரம் எழுந்திருக்க மாட்டேன் என்று ஒவ்வொரு கூட்டத்திடமும் மார்தட்டுவார். வெளிநாட்டவர்களுக்கு இந்தப் பணிவு ரொம்பப் பிடிக்கும். அதையும் படம் எடுத்துப் போட்டுக்கொள்வார்.

தேர்வில் என்ன ஆசனம் நடத்துவது என்பது நடத்துகிறவர் விருப்பம். ஒரே ஒரு கட்டாயம்: விரிப்பில் இருக்கும் யாராவது ஒருவரைக் கையால் தொட்டுத் திருத்திக் காட்ட வேண்டும். அதற்குப் பத்து மதிப்பெண். எல்லோரும் ஒல்லியான, வளைகிற உடம்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஆசார்யரை இதுவரை யாரும் தொட்டதில்லை.

அன்று இரவு முழுக்கத் தேவேஸ்வரி யோசித்தது அந்த உடம்பைத்தான். ஆசார்யருக்கு அடிமுதுகு கெட்டுப் பத்து வருடம் ஆகிறது. மாணவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். குளிர்காலத்தில் வெந்நீர்ப் பை கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தானே. கஷ்டமான ஆசனங்களை உதவியாளரை விட்டுச் செய்து காட்டச் சொல்வதன் ரகசியமும் அதுதான்.

காலையில் கூடத்துக்கு வந்தபோது இருபது விரிப்புகள் போட்டிருந்தன. பின்சுவர் ஓரமாக, திண்டில் சாய்த்து ஃபெம்கேயைப் படுக்க வைத்திருந்தார்கள். மன்னிப்பை அவள் நேரில் வாங்கிக்கொள்ள வேண்டுமே. முன்வரிசை நடுவில் வெள்ளை உடையில் ஆசார்யர். பக்கத்தில் மதிப்பெண் தாளும் பேனாவும். கையெழுத்துப் போடாத காகிதம் தேவேஸ்வரியின் விரிப்புக்கு அடியில் இருந்தது.

அவள் மேடையில் உட்கார்ந்து ஓம் சொன்னாள். கூடம் திருப்பிச் சொன்னது. அப்புறம் எழுந்து, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நேராக ஆசார்யரிடம் போனாள். தேர்வாளருக்குக் கல் வைக்கிற பழக்கமில்லை. எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் புன்னகைத்தார். இருபது பேர் பார்க்கும்போது அவர் வேறென்ன செய்வார்? கல்லை வாங்கிப் பொட்டு கீழே இருக்கும்படி தானே கவிழ்த்து வைத்தார்.

முக்கால் மணிநேரம் பாடம் நடத்தினாள். குறை சொல்ல முடியாத பாடம். குரல் பிசிறவில்லை. எந்த எலும்பு எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னாள். கூட்டத்தில் ஒருவர்கூடத் தடுமாறவில்லை, புரியாமல் பக்கத்து விரிப்பைப் பார்க்கவில்லை. பின்சுவர் ஓரத்தில் ஃபெம்கே திண்டிலிருந்து மெல்ல நிமிர்வதை மேடையிலிருந்து கவனித்தாள்.

அப்புறம் காலை நீட்டச் சொன்னாள். பச்சிமோத்தானம் என்றாள்.

கூடத்தில் மூச்சுச் சத்தம் மாறியது. எல்லோரும் குனிந்தார்கள். ஆசார்யரும் குனிந்தார், வயிறு இடித்து, முழங்கால் மடங்கிப் பாதியில் நின்றார். தேவேஸ்வரி அவர் பின்னால் போய் மண்டியிட்டாள். இப்போது எல்லோரும் தலை தூக்குங்கள் என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்கள், தொட்டுத் திருத்துவதைக் காட்டப் போகிறேன் என்றாள். இருபது தலைகள் நிமிர்ந்தன. குனிந்திருந்தது ஒரே ஒரு தலை.

இரண்டு உள்ளங்கைகளையும் அவர் அடிமுதுகில் வைத்தாள். சும்மாதான் வைத்தாள், எடையே இல்லாமல். சட்டைக்கடியில் தசை இறுகியது தெரிந்தது. எங்கே அழுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆசை வந்தது. மறைத்து என்ன, நன்றாகவே வந்தது. ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கோபம் மொத்தமும் இறங்கி மணிக்கட்டில் வந்து நின்றது.

அவர் இந்தியில் முனகினார். "வேண்டாம் தேவேஸ்வரி. கைய எடு."

"கேக்கல ஆசார்யஜி" என்றாள் ஆங்கிலத்தில். "இது வலி இல்ல, திறப்பு. மூச்சை விடுங்க."

"நோ" என்றார் அவர் உரக்க. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

சட்டென்று கையை எடுத்துவிட்டாள். இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா? கல்லு தொடலாம்னு சொல்லுது. வாய் நோங்குது. கை எதைக் கேக்கணும்? வாயைத்தான். எனக்கு அது புரியும். புடவை கட்டுன நாள்லேருந்து புரியும். அன்னிக்கு ஃபெம்கே ரெண்டு தடவ சொன்னா. அவ கல்லுல பொட்டும் மேலதான் இருந்துச்சு. அவ முதுகுல முதுகை வெச்சுச் சாஞ்சது நானில்ல. என் எடை நாப்பத்தஞ்சு கிலோ. அவ கத்துனதும் கால் கட்டைவிரலால கல்லைப் புரட்டுனது யாருன்னு, இதோ குனிஞ்சிருக்காரே, அவரைக் கேளுங்க. இப்ப கேக்காதீங்க. பாடம் முடியட்டும்."

ஆசார்யர் நிமிர்ந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு கையை ஊன்றி எழப் போனார்.

"கடைசி ஓம் இன்னும் சொல்லல ஆசார்யஜி" என்றாள் தேவேஸ்வரி.

இருபது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தச் சட்டத்தை மெச்சி ஊருக்கு எழுதியவர்கள். எழுந்து போனால் அவரே போட்ட சட்டம் உடையும், இருந்தால் இந்த அவமானம். நாலு நொடி அப்படியே ஒரு கையில் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

மிச்சம் இருந்த பதினைந்து நிமிடத்தையும் அவள் விடவில்லை. முதுகை முறுக்கி இரண்டு ஆசனம். அப்புறம் எல்லோரையும் சவாசனத்தில் படுக்கச் சொன்னாள். வெள்ளை உடையில் ஆசார்யர் பிணமாகக் கண்மூடிக் கிடந்தார். தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவரிடமும் போய், தாடையைத் தளர்த்துங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசி ஓம் முடிந்தது. உடனே அவர் மதிப்பெண் தாளை இழுத்துக் கிறுக்கினார். முதலில் சொன்ன வார்த்தை, பள்ளிப் பக்கம் இனி வராதே என்பது. இரண்டாவது, பொய்க்காரி. ஒரு ஆஸ்திரேலியாக்காரன் எழுந்து, அவள் கல்லைப் பற்றிச் சொன்னது உண்மையா என்று கேட்டான். நான் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை என்றார் ஆசார்யர். உண்மை இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அது அவர் வாயில் வரவில்லை. தாளை அவள் முன்னால் எறிந்துவிட்டு வெளியே போனார்.

தேவேஸ்வரி தாளை எடுத்துப் பார்த்தாள். குரல் ஒன்பது. ஆசன வரிசை பத்து. தொட்டுத் திருத்துதல் பூஜ்யம். பக்கத்தில் காரணம் எழுதும் கட்டத்தில், கோபத்தில் பேனா குத்திக் கிழித்த எழுத்தில், 'அழுத்தவில்லை' என்று போட்டிருந்தார். அடியில் அவர் கையெழுத்து. ஒன்பது நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

ஃபெம்கே சுவரைப் பிடித்தபடி நொண்டி நொண்டி அவளிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாது. நான் சொன்னது உனக்குப் புரியலன்னு அவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைச்சேன். மன்னிச்சுடு."

மன்னிப்பைக் கேட்டதும் மனசு இளகிவிடும் என்றுதான் தேவேஸ்வரியும் எதிர்பார்த்தாள். இளகவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, நான் இல்லை என்று இதே ஆங்கிலத்தில் சொன்னபோது சுவரைப் பார்த்துத் திரும்பிய முதுகுதான் கண்ணில் நின்றது.

"ஒன்பது நாள். ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல நீ?"

காப்பீட்டுக்காரர்களுக்கு ஒரு வாக்குமூலம் வேண்டும், நடந்ததை எழுதித் தருவாயா என்று ஃபெம்கே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

தேவேஸ்வரி ஆசார்யர் விட்டுப்போன பேனாவை எடுத்தாள். மதிப்பெண் தாளைத் திருப்பி, தரையில் வைத்து, பதினெட்டாம் நாள் காலை நடந்ததை முதலிலிருந்து எழுதினாள். முதுகு, எடை, இரண்டு நோ, கட்டைவிரல், கல், எதையும் விடவில்லை. அடியில் தேவேஸ்வரி பன்வார் என்று பெயரை முழுசாகப் போட்டு நீட்டினாள். ஃபெம்கே வாங்கிப் பார்த்து விழித்தாள். தாள் முழுக்க இந்தியில் இருந்தது.

"எனக்கு இது படிக்கத் தெரியாதே."

"அது எனக்கும் தெரியும். யாரையாவது கேளு. ஒரு வார்த்தை விடாம சொல்லச் சொல்லு."

ஆசார்யர் கொடுத்த காகிதத்தை விரிப்புக்கு அடியிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தாள். வழக்கமாகப் பாடம் முடிந்ததும் அவள்தான் போர்வைகளை மடித்து அலமாரியில் அடுக்கிக் கூடத்தைப் பெருக்குவாள். கை பழக்கத்தில் ஒரு போர்வையின் நுனியைப் பிடித்தும்விட்டது. விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.